எட்டு நேர்காணல் போதுமா? கருவாடு காயப்போடும் பெண்கள் பற்றிய முதுகலை ஆய்வுக்கு உதவி தேவை

#1 திருமலைப் பிள்ளை | வெள்ளி, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். நான் திருகோணமலையில் அபிவிருத்தி உத்தியோகத்தராக வேலை செய்கிறேன். வார இறுதியில் வேறு மாவட்டத்துக்கு பஸ் ஏறிப் போய் சமூகவியலில் முதுகலைமாணி படிக்கிறேன். ஆய்வுத் தலைப்பு, நிலாவெளிக்கு வடக்கே உள்ள ஒரு கரையோரக் கிராமத்தில் கருவாடு காயப்போடும் பெண்களின் வாழ்வாதாரம். பண்புசார் ஆய்வு, அதாவது எண்களை அல்ல, ஆட்களின் பேச்சை வைத்துச் செய்வது.

இதுவரை எட்டுப் பெண்களைச் சந்தித்துவிட்டேன். ஒவ்வொருவரிடமும் அரை மணித்தியாலம், கூடினால் நாற்பது நிமிடம். எட்டும் எழுதி முடிந்தது. கோடிங் செய்து (பேச்சின் துண்டுகளுக்குக் குறியீடாகப் பெயர் வைத்து) நான்கு கருப்பொருள் எடுத்தேன்: வருமானம், பயிற்சி, சந்தைப்படுத்தல், எதிர்கொள்ளும் பிரச்சினைகள். மேற்பார்வையாளர் பார்த்துவிட்டு, ஆட்களின் எண்ணிக்கை குறைவு, குறைந்தது முப்பது பேர் வேண்டும் என்கிறார். வேலையும் பார்த்துக்கொண்டு இன்னும் இருபத்திரண்டு பேரிடம் போவது எனக்கு முடியாத காரியம். எட்டுப் பேர் போதும் என்று காட்ட ஏதாவது ஆதாரம் இருக்கிறதா?

என் நேர்காணல் எப்படிப் போனது என்று தெரிய ஒரு துண்டு கீழே. பெயர், ஊர் எல்லாம் எடுத்துவிட்டேன்.

நான்: நீங்கள் கருவாட்டுத் தொழிலை எப்போது தொடங்கினீர்கள்?
அவர்: தொழில் எண்டு சொல்ல ஏலாது பிள்ளை. அவர்தான் தொழிலுக்குப் போறவர். நான் சும்மா வீட்டில இருந்து காயப்போடுறதுதான்.
நான்: சரி. மாதம் எவ்வளவு வருமானம் வரும்?
அவர்: அதெல்லாம் கணக்குப் பாக்கிறேல்ல. வாறது கடனுக்குச் சரி.
நான்: சரி. பயிற்சி ஏதும் எடுத்திருக்கிறீர்களா?


#2 உப்புவெளி அக்கா | வெள்ளி, இரவு 11.15

தங்கச்சி, எண்ணிக்கையை இப்போதைக்கு ஒரு பக்கம் வைப்போம். நீங்கள் போட்ட துண்டைத்தான் மூன்று தடவை வாசித்தேன்.

அந்த அம்மா முதல் பதிலிலேயே உங்கள் ஆய்வுத் தலைப்பை மறுக்கிறார். நீங்கள் தொழில் என்கிறீர்கள். அவர் அது தொழில் இல்லை என்கிறார். நம் கரையோரத்தில் தொழில் என்றாலே கடலுக்குப் போவதுதான். "தொழிலுக்குப் போயிட்டார்" என்றால் எங்கே போனார் என்று யாரும் கேட்பதில்லை. வெயிலில் நின்று மீன் வெட்டி, குடல் எடுத்து, உப்புப் போட்டு, காய்ந்ததா என்று புரட்டிப் புரட்டிப் பார்க்கும் வேலைக்கு அவர் வைத்திருக்கும் சொல் "சும்மா". அந்த இடத்தில் நீங்கள் "சரி" என்று சொல்லிவிட்டு வருமானத்துக்குப் போய்விட்டீர்கள்.

அடுத்த பதிலில் கடன் வந்தது. யாருடைய கடன், எப்போது வாங்கியது, எப்படிக் கட்டுகிறார்? அதற்கும் ஒரு "சரி". பிறகு பயிற்சி.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. என் முதல் ஒலிப்பதிவுகளைக் கேட்டால் என் குரல்தான் பாதி நேரம் ஓடும். எல்லோரும் இப்படித்தான் தொடங்குகிறோம். முறையியல் வகுப்பில் நேர்காணல் வழிகாட்டி தயாரிக்கச் சொல்லித் தருகிறார்கள், ஆனால் அதை மூடிவைக்கும் நேரம் எது என்று சொல்லித் தருவதில்லை. இந்த முறையில் மிகக் கஷ்டமான பகுதி அதுதான் என்பது என் எண்ணம்.

இப்போது உங்கள் கருப்பொருள்களைப் பாருங்கள். வருமானம், பயிற்சி, சந்தை, பிரச்சினை. இவை நீங்கள் கேட்ட கேள்விகளின் தலைப்புகள். அந்தப் பெண்கள் பேசாமல் இருந்திருந்தாலும் இந்த நான்கும் கிடைத்திருக்கும். கருப்பொருள் என்றால் அவர்கள் பேச்சுக்குள் ஓடும் ஒரு பொருள், ஒரு வாக்கியமாகச் சொல்லக்கூடியது. "வருமானம்" வாக்கியம் இல்லை. "கணவர் இருக்கும்வரை பெண்ணின் உழைப்பு தொழிலாக எண்ணப்படுவதில்லை" என்பது வாக்கியம். அது சரியா பிழையா என்று உங்கள் தரவில் போய்ப் பார்க்கலாம்.

ஒரு வேலை செய்யுங்கள். எட்டு ஒலிப்பதிவையும் திரும்பக் கேளுங்கள். எழுதியதை வாசிக்க வேண்டாம், காதால் கேளுங்கள். நீங்கள் "சரி" சொன்ன இடத்தையெல்லாம் ஒரு கொப்பியில் குறியுங்கள். உங்கள் அடுத்த நேர்காணலுக்கான கேள்விகள் அந்த இடங்களில் இருக்கின்றன.


#3 எண்கணக்கு | சனி, காலை 7.05

நான் புள்ளியியல் பக்கத்து ஆள். இங்கே பண்புசார் ஆய்வு பற்றி வரும் இழைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன், ஏனென்றால் உண்மையாகவே விளங்கிக்கொள்ள விரும்புகிறேன்.

முதலில் அந்த முப்பது. எங்கள் பாடத்தில் மாதிரியின் சராசரி ஏறக்குறைய இயல்நிலைப் பரம்பலாக (மணி வடிவில்) நடந்துகொள்ள முப்பது போதும் என்று ஒரு கைக்கணக்கு உண்டு. அங்கிருந்துதான் இந்த எண் எல்லா இடத்துக்கும் பரவியிருக்கிறது என்று நினைக்கிறேன். சராசரியே கணக்கிடாத ஓர் ஆய்வில் அதற்கு வேலை இல்லை. இவ்வளவுக்கும் நான் உங்கள் பக்கம்.

ஆனால் எட்டுப் பேரை வைத்து மாவட்டத்தின் கரையோரப் பெண்கள் எல்லோரையும் பற்றி எப்படிப் பேசுவீர்கள்? புல்மோட்டையிலிருந்து வெருகல் வரை எத்தனை விதமான கரை, எத்தனை விதமான ஆட்கள்.


#4 மூதூர்த்துறை | சனி, காலை 10.30

தங்கச்சி, எல்லாவற்றுக்கும் முதல் ஒன்று. அந்தத் துண்டை இங்கே போட அந்த அம்மாவிடம் கேட்டீர்களா? ஆய்வுக்கு என்று தந்த பேச்சு. சின்னக் கிராமம். "கணவர் கடலுக்குப் போகிறார், கடன் இருக்கிறது, கருவாடு போடுகிறார்" என்றால் ஊர்க்காரர் ஒருவர் இரண்டு நிமிடத்தில் ஆளைச் சொல்லிவிடுவார். பெயரை எடுப்பது மட்டும் அடையாளத்தை மறைப்பது ஆகாது. 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் இதே விஷயத்தைச் சொல்லியிருப்பேன்.

அடுத்தது, நீங்கள் யாராகப் போனீர்கள்? அபிவிருத்தி உத்தியோகத்தர் என்று அவர்களுக்குத் தெரியுமா?

நான் மூதூர்ப் பக்கம் பல வருடம் களவேலை செய்தவன். சுனாமிக்குப் பிறகும் 2006 போர் இடம்பெயர்வுக்குப் பிறகும் இந்தச் சனத்திடம் பதிவெடுக்காத ஆள் இல்லை. கொப்பியும் பேனையுமாக யாராவது வந்தால் "என்ன தரப்போறீங்க" என்ற கேள்வி வாயில் வராவிட்டாலும் மனதில் இருக்கும். அது பேராசை இல்லை. பதிவு என்றால் நிவாரணம் என்று அவர்களுக்குப் பழக்கியது நாங்கள்தான். இப்போது அஸ்வெசும என்ற அரசாங்க நலன்புரிக் கொடுப்பனவும் இருக்கிறது. அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் வந்து மாத வருமானம் கேட்டால், "கணக்குப் பார்க்கிறதில்லை" என்பதைவிட நல்ல பதில் என்ன இருக்கிறது? அது அறியாமையில் வந்த பதில் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவதும் இப்படித்தான். எங்கோ வைத்த கையெழுத்து எங்கோ போய் நிற்கும் என்ற பயம் போரைக் கண்டவர்களுக்கு உண்டு. உங்கள் அறநெறிக் குழு அனுமதித்தால் வாய்மொழி ஒப்புதலை ஒலிப்பதிவின் தொடக்கத்தில் எடுங்கள். படிவத்தை வாசித்துக் காட்டி, எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று சொல்லி, பிறகு கேளுங்கள்.


#5 திருமலைப் பிள்ளை | சனி, பிற்பகல் 2.20

மூதூர்த்துறை அண்ணா, கேட்கவில்லை. ஆய்வுக்கு என்று மட்டும்தான் ஒப்புதல் எடுத்தேன். உங்கள் பதிவை வாசித்த உடனே அந்த அம்மாவுக்கு போன் எடுத்து விஷயத்தைச் சொன்னேன். "என்ர பேர் இல்லைத்தானே, இருக்கட்டும்" என்றார். நீக்கவா என்று இரண்டாம் தடவையும் கேட்டேன், வேண்டாம் என்றார். அதனால் விட்டிருக்கிறேன். இனி எதையும் கேட்காமல் போட மாட்டேன்.

உத்தியோகத்தர் என்று தெரியும். நான் வேலை செய்வது வேறு பிரிவில், அதனால் பரவாயில்லை என்று நினைத்துவிட்டேன். ஆனால் எட்டுப் பேரையும் அறிமுகப்படுத்தியது கிராம உத்தியோகத்தர். அவருடைய மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால்தான் முதல் நாள் போனேன்.

அக்கா சொன்னபடி கேட்கத் தொடங்கினேன். முதல் மூன்று பதிவில் மட்டும் பத்தொன்பது "சரி". கேட்கக் கேட்க முகம் சூடாகிவிட்டது.


#6 உப்புவெளி அக்கா | சனி, மாலை 6.50

பத்தொன்பது என்றால் பத்தொன்பது வாசல் இருக்கிறது என்று எடுங்கள்.

எண்ணிக்கைக்கு வருகிறேன். உங்களைப் போல் கேட்பவர்களுக்கு எல்லோரும் காட்டுவது 2006இல் கெஸ்ட், பன்ஸ், ஜோன்சன் மூவரும் எழுதிய கட்டுரை. கானாவிலும் நைஜீரியாவிலும் 60 பெண்களிடம் நேர்காணல் எடுத்து, பெரும்பாலான குறியீடுகள் முதல் 12 நேர்காணலிலேயே வந்துவிட்டன என்று காட்டினார்கள். அதைப் பிடித்துக்கொண்டு "12 போதும்" என்று ஆய்வேடு ஆய்வேடாக எழுதுகிறோம். அந்த 60 பேரும் ஏறக்குறைய ஒரே மாதிரியான நிலையில் இருந்த பெண்கள், எல்லோரிடமும் ஒரே கேள்விகள் கேட்கப்பட்டன, தேடியதும் குறுகிய ஒரு விஷயம் என்பதை எழுதுகிறவர்கள் குறைவு. அந்தக் கட்டுரையாளர்களே அந்த எல்லையைச் சொல்லியிருக்கிறார்கள்.

செறிவு நிலை என்ற எண்ணம் 1967இல் கிளேசரும் ஸ்ட்ராஸும், தரவிலிருந்தே கோட்பாட்டைக் கட்டும் அடிநிலைக் கோட்பாடு என்ற முறையோடு கொண்டுவந்தது. அவர்கள் சொன்னது, ஒரு கருத்துவகையைப் பற்றிப் புதிதாக எதுவும் கிளம்பாத நிலை. தரவு சேர்ப்பதும் பகுப்பதும் கூடவே நடந்தால்தான் அது தெரியும். எல்லாவற்றையும் சேர்த்து முடித்துவிட்டுக் கடைசியில் உட்கார்ந்து கோடிங் செய்தால் தெரிய வழியே இல்லை. நீங்கள் செய்திருப்பது கருப்பொருள் பகுப்பாய்வு. அதை 2006இல் ஆறு படியாக எழுதித் தந்த பிரவுனும் கிளார்க்கும், தங்கள் முறைக்குச் செறிவு நிலை பொருந்தாது என்று பிறகு தெளிவாகவே சொல்லிவிட்டார்கள். ஆகவே எந்த முறையில் செய்கிறேன் என்று முதலில் முடிவெடுங்கள், எண்ணிக்கைக்கான நியாயம் அதற்குள்ளிருந்து வரும். மூன்று முறையிலிருந்தும் ஒவ்வொரு சொல்லை எடுத்து முறையியல் அத்தியாயத்தில் போட்டால் வைவாவில் (வாய்மொழிப் பரீட்சையில்) மாட்டுவீர்கள்.

உங்கள் எட்டு எனக்குக் குறைவாகத்தான் படுகிறது. ஆனால் அதற்குக் காரணம் எட்டு என்ற எண் இல்லை, ஒவ்வொன்றும் அரை மணித்தியாலம் என்பது. இன்னும் இருபத்திரண்டு பேரிடம் இதே வேகத்தில் போனால் "சரி"களின் எண்ணிக்கைதான் கூடும். அதே எட்டுப் பேரில் நாலைந்து பேரிடம் திரும்பப் போங்கள். உத்தியோகத்தரின் மோட்டார் சைக்கிள் இல்லாமல் போங்கள். பிறகு அவர்கள் கைகாட்டும் இன்னும் நாலைந்து பேர்.

எண்கணக்குத் தம்பி, மாவட்டத்தைப் பற்றிப் பேசப் போவதில்லை. 1985இல் லிங்கனும் கூபாவும் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். ஆய்வாளர் அந்த இடத்தையும் ஆட்களையும் நிலைமையையும் நெருக்கமாக விவரிக்க வேண்டும். இது வேறு இடத்துக்குப் பொருந்துமா என்று முடிவெடுப்பவர் அந்த வேறு இடத்தை அறிந்த வாசகர். கரை எந்தப் பக்கம் பார்க்கிறது, கரைவலை சம்மாட்டியார் (வலைச் சொந்தக்காரர்) எத்தனை பேர், வெளிமாவட்டக்காரர் வந்து வாடி (தற்காலிகக் கொட்டில்) போடுகிறார்களா, இதெல்லாம் எழுதியிருந்தால்தான் புல்மோட்டைக்காரர் எடுத்து வாசித்துவிட்டு "எங்கள் இடத்தில் இது இப்படி இல்லை" என்றாவது சொல்ல முடியும்.


#7 கிண்ணியாக் கரை | ஞாயிறு, காலை 8.15

கொஞ்சம் கைவேலை விஷயம் சொல்கிறேன், இதில்தான் நான் மாதக்கணக்கில் அடிபட்டேன்.

எழுதியதைப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டெழுதி இருந்தால் இப்போதே யூனிகோடுக்கு மாற்றுங்கள். பாமினி உள்ளே வெறும் ஆங்கில எழுத்துத்தான். என்விவோ என்ற கோடிங் மென்பொருளில் போட்டு "கடன்" என்று தேடினால் ஒன்றும் வராது. மாற்றியபின் ஒரு தடவை கண்ணால் வாசியுங்கள், சில எழுத்துகள் பிசகும். என்விவோ வாங்கக் காசில்லை என்றால் டாகெட் என்ற மென்பொருள் இலவசம், தமிழ் ஓடும். எட்டு நேர்காணலுக்கு அச்சடித்த தாளும் நிறப் பென்சிலும் கூடப் போதும்.

ஆங்கிலத்தில் ஆய்வேடு கொடுக்க வேண்டுமென்றால் மொழிபெயர்த்துவிட்டுக் கோடிங் செய்யாதீர்கள். தமிழிலேயே செய்யுங்கள். நான் கிண்ணியாவிலும் மூதூரிலும் எடுத்த நேர்காணல்களில் ஆட்கள் "பிரச்சினை நேரம்" என்பார்கள். ஒருவருக்கு அது 1985, ஒருவருக்கு 1990, இன்னொருவருக்கு 2006. நான் எல்லாவற்றையும் போர் என்று ஆங்கிலத்தில் பெயர்த்து வைத்திருந்தேன். யார் எதைப் பிரச்சினை என்கிறார், எதை அந்தச் சொல்லால் மூடிவைக்கிறார் என்பது முழுக்கப் போய்விட்டது. திரும்பத் தமிழுக்கு வந்து செய்தேன். "சும்மா"வை அப்படியே "சும்மா" என்று குறியீடாக வையுங்கள். ஆங்கில ஆய்வேட்டிலும் அப்படியே எழுதி, ஒரு பந்தியில் விளக்குங்கள். பரிசோதகர் கேட்கட்டும், பதில் சொல்ல உங்களிடம் ஆள் இருக்கிறது.

அக்காவோடு ஒரு இடத்தில் உடன்பாடில்லை. கேள்வித் தலைப்புகளை முதல் கட்டக் குறியீடாக வைப்பதில் பிழை இல்லை. நிறுவனங்களுக்கு அறிக்கை எழுதும்போது நானும் அப்படித்தான் தொடங்குவேன். பொருட்களைப் பெட்டி பெட்டியாகப் பிரித்து வைப்பது மாதிரி. பெட்டியை ஆய்வு முடிவு என்று சொல்லாமல் இருந்தால் சரி.


#8 உப்புவெளி அக்கா | ஞாயிறு, காலை 9.00

ஏற்றுக்கொள்கிறேன். பெட்டி பெட்டியாகவே இருக்கட்டும்.


#9 எண்கணக்கு | ஞாயிறு, மாலை 4.10

அக்கா, மாவட்டம் பற்றிச் சொன்னது விளங்கியது. என் அடுத்த சந்தேகம் இதைவிடப் பெரியது. "சும்மா" என்ற சொல் உங்களுக்குப் பிடித்துவிட்டது. இனிமேல் எட்டிலும் "சும்மா" தேடுவீர்கள், கிடைக்கும். பொருந்தாததை விட்டுவிட்டுப் பொருந்துவதை எடுக்கவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்?


#10 உப்புவெளி அக்கா | ஞாயிறு, இரவு 8.30

கேட்க வேண்டிய கேள்வி. பொருந்தாததைத்தான் தேட வேண்டும். தங்கச்சி, எட்டில் யார் "சும்மா" என்று சொல்லவில்லை? யார் "தொழில்" என்றார்? அவர்களை முதலில் எடுங்கள். எந்த நாளில் எந்த எண்ணம் வந்தது, ஏன் மாற்றினீர்கள் என்று திகதி போட்டு எழுதி வையுங்கள். கடைசியில் யாரும் அந்த வழியே நடந்து பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும்.


#11 திருமலைப் பிள்ளை | செவ்வாய், இரவு 10.45

பார்த்தேன். எட்டில் ஐந்து பேர் ஏதோ ஓர் இடத்தில் "சும்மா" என்கிறார்கள், அல்லது "வீட்டில்தான் இருக்கிறன்" என்கிறார்கள். மூன்று பேர் "என்ர தொழில்" என்கிறார்கள். அந்த மூவரில் இரண்டு பேருக்குக் கணவர் இல்லை. ஒருவருடைய கணவர் சுனாமியில் போனார், மற்றவருடைய கணவர் காணாமல் போனார். எல்லோரும் செய்வது ஒரே வேலை, ஒரே மீன், ஒரே உப்பு.

ஆனால் மூன்றாமவருக்குக் கணவர் இருக்கிறார், கடலுக்கும் போகிறார். ஆகவே அக்கா எழுதிய அந்த வாக்கியம் முழுதாகச் சரிவரவில்லை. அவர் ஏன் தொழில் என்கிறார் என்று என் பதிவில் இல்லை. நான் கேட்கவில்லை.

எண்கணக்கு அண்ணா கேட்டிருக்காவிட்டால் அந்த மூன்றாமவரை நான் கவனித்திருக்கவே மாட்டேன்.


#12 எண்கணக்கு | செவ்வாய், இரவு 11.20

மூன்றாமவரிடம் போங்கள்.


#13 மூதூர்த்துறை | புதன், காலை 6.30

போகும் நேரத்தையும் யோசியுங்கள். மாரி தொடங்கிவிட்டால் காயப்போட வெயில் இல்லை. பெண்களுக்குப் பேச நேரம் இருக்கும், ஆனால் எல்லாம் நினைவிலிருந்து சொல்வார்கள். இப்போது வெயில் இருக்கிறது, வேலையும் இருக்கிறது. கைவேலையாக இருக்கும்போது பக்கத்தில் இருந்து பாருங்கள், முடிந்தால் நீங்களும் இரண்டு மீன் வெட்டுங்கள். போனை எடுக்க வேண்டாம், வந்தபிறகு அன்றிரவே களக்குறிப்பு எழுதுங்கள். அடுத்த நாள் வரை வைத்தால் பாதி மறந்துவிடும். ஆனால் ஆய்வுக்காகத்தான் வந்திருக்கிறேன் என்பதை அன்றும் சொல்லுங்கள், பக்கத்தில் இருந்து வேலை செய்தால் அவர்கள் அதை மறந்துவிடுவார்கள்.


#14 திருமலைப் பிள்ளை | இரண்டு கிழமைக்குப் பிறகு, ஞாயிறு, இரவு 9.05

தாமதத்துக்கு மன்னிக்கவும். மூன்று பேரிடம் திரும்பப் போனேன். தனியே, பஸ்சில்.

கேள்வித் தாளைப் பையிலிருந்து எடுக்கவில்லை. "நேற்றுக் காலை எழும்பினதிலிருந்து என்ன செய்தீர்கள், சொல்லுங்கள்" என்று மட்டும் கேட்டேன். முதல் அம்மா, நான் துண்டு போட்டேனே அவர்தான், ஒரு மணித்தியாலமும் இருபது நிமிடமும் பேசினார். விடிய முன் எழும்பியது, பிள்ளைகளுக்குச் சாப்பாடு, வலையிலிருந்து மீன் கழற்றியது, வெட்டிக் கழுவி உப்பில் வைத்தது, முதல் நாள் உப்பில் வைத்ததைக் கிடுகில் பரப்பியது, காகம் விரட்டியது, மழை இருட்டியதும் ஓடிப்போய் அள்ளியது. நடுவில் என்னைப் பார்த்து, "பாத்தீங்களா, இதத்தான் சும்மா இருக்கிற எண்டு சொல்றது" என்றார். நான் அந்தச் சொல்லைப் பற்றி ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

கடன் வங்கிக் கடன் இல்லை. கருவாடு வாங்க வரும் வியாபாரி மாரி காலத்தில் தந்த முற்பணம். அதனால் அவருக்குத்தான் விற்க வேண்டும், விலையும் அவர் சொல்வதுதான். என் "சந்தைப்படுத்தல்" பெட்டியில் எட்டுப் பேரும் "வீட்டுக்கே வந்து வாங்குவார்கள்" என்று சொன்னதை நல்ல சந்தை வாய்ப்பு என்று எழுதி வைத்திருந்தேன். அதை அழித்தேன். அழித்த திகதியையும் காரணத்தையும் கொப்பியில் எழுதினேன்.

மூன்றாமவர், கணவர் இருந்தும் "என்ர தொழில்" என்றவர், முற்பணம் வாங்காதவர். தாய்வீட்டில் தந்த நகையை அடகு வைத்துத் தானே மீன் வாங்குகிறார், கணவர் பிடிக்கும் மீனுக்கும் கணக்கு எழுதுகிறார். ஒரு ஆளை வைத்து எதுவும் முடிவாகச் சொல்லவில்லை. முற்பணம் வாங்காத இன்னும் இரண்டு பேர் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறார்கள் என்று அவரே சொன்னார். அவர்களிடம் கேட்டுச் சொல்வதாகவும் சொன்னார்.

மேற்பார்வையாளரிடம் இந்தப் பழைய எட்டையும் புதிய மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். நீண்ட நேரம் வாசித்தார். முப்பது பற்றி அன்று பேசவில்லை. அந்த இரண்டு பேரையும் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார்.

கிண்ணியாக் கரை அண்ணா, பாமினி மாற்றும்போது "ண்" எல்லாம் குழம்புகிறது. எந்த மாற்றியைப் பாவித்தீர்கள் என்று சொல்ல முடியுமா? அந்த இரண்டு பேரும் புதன் விடிய ஐந்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், மீன் வெட்டும் நேரத்துக்கு. செவ்வாய் இரவு அங்கே சொந்தக்காரர் வீட்டில் தங்குகிறேன். அதற்கு முன் பழைய எட்டையும் மாற்றி முடித்துவிட்டால் நல்லது.